அக்காவுக்குத் தெரியாமல் இறக்கிய சுருதி

என் அக்காவைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒரு வரியை மட்டும் தவறாமல் எழுதினார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு அவள் குரலில் புதிதாக ஓர் ஆழம் வந்ததாம். வாழ்க்கை தந்த ஆழமாம். ஒருவர் 'பழுத்த குரல்' என்றே தலைப்புப் போட்டார். அந்த ஆழத்தைத் தந்தது வாழ்க்கையும் இல்லை, வயதும் இல்லை. நான்தான். என் கீபோர்டின் இடது ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கித் தந்தேன்.

இதை விட்டுவிட்டு அவள் கதையைச் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். சொன்ன பொய்களே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். முதலில் செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் காலடியில் குந்தி உட்கார்ந்து, வாரை மாட்டிவிட்டுக்கொண்டே வாய்க்குள் பாடுவாள். முதலாளி முறைப்பார். வாடிக்கையாளர்களோ பாட்டு முடியட்டும் என்று அடுத்த ஜோடியைக் கேட்பார்கள். அப்படிப் பதினோரு ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஷூவுக்குக் கட்டும் கயிறு மட்டும் வாங்கிக்கொண்டு போன ஒரு ஆள்தான் பிறகு எனக்கு அத்தான் ஆனார். அவர் டிரம்ஸ் வாசிப்பவர். வீட்டுக்கு வந்தவர் அக்காவைப் பெண் கேட்பதற்கு முன்னால் பாடக் கேட்டார். இரண்டுக்கும் அவள் சரி என்றாள்.

எனக்கு அப்போது பழைய கீபோர்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டு கட்டைகள் ஊமை. கிட்டார் வாசிக்க ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தான். அவனைத் தாடி என்று கூப்பிடுவோம். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இந்த நாலு பேர்தான் எங்கள் குழு. பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்காததால் அந்த வேலையை என் இடது கை பார்த்துக்கொண்டது. அத்தானின் அண்ணனுக்கு ஒரு டயர் கிடங்கு இருந்தது. அதில் பயிற்சி செய்தோம். சுற்றிலும் கூரை வரை டயர் அடுக்கியிருந்ததால் எதிரொலியே வராது. ரப்பர் நாற்றம் மட்டும் சட்டையை விட்டுப் போகாது.

அந்தக் கிடங்கில் மூன்று மத்தியானங்களில் செய்த பாட்டுதான் எங்களை ஊருக்கெல்லாம் காட்டியது. அந்தப் பாட்டின் மூன்றாம் பகுதியில் அக்கா படிப்படியாக மேலே போய் ஒரு சுரத்தில் நிற்பாள். டிரம்ஸ் நிற்கும், கிட்டார் நிற்கும். என் கையில் இருந்து ஒரே ஒரு நாதம், அதன் மேல் அவள். ஏழெட்டு விநாடி. அதற்கு நாங்கள் 'அந்த இடம்' என்று பெயர் வைத்திருந்தோம். ரேடியோக்காரர்கள் போட்டுப் போட்டு, பிறகு கல்லூரிகளில் கூப்பிட்டு, கம்பெனி விழாக்களில் கூப்பிட்டு, பெரிய ஹோட்டல்களில் கூப்பிட்டு, இரண்டு தடவை கப்பலில்கூடப் பாடிவிட்டு வந்தோம். எங்கே போனாலும் கூட்டம் காத்திருந்தது அந்த இடத்துக்காகத்தான். தட்டு ஏந்திக்கொண்டு போகிற சர்வர்கூட நின்றுவிடுவார். செருப்புக் கடை வேலையை விட்ட கடைசி நாளில் அந்த முறைக்கிற முதலாளி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தானே குனிந்து ஒரு ஜோடி செருப்பை மாட்டிவிட்டார். அக்கா அன்றைக்கு அழுதாள்.

அக்கா பாட்டை முறையாகப் படித்தவள் அல்ல. எந்தச் சுருதியில் பாடுகிறோம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நான் முதல் நாதத்தைக் கொடுப்பேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ரோட்டைக் கடப்பார்களே, அதுபோல. என்னைவிட மூத்தவள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் கையைப் பிடித்திருந்தாள். இருபது வருஷம் பிடித்திருந்தாள். கை எங்கே கூட்டிப்போகிறது என்று சந்தேகப்பட அவளுக்குக் காரணமே இருக்கவில்லை.

ஆனால் ரோஷக்காரி. ஒரு முறை எங்களுக்கு முன்னால் வயதான பாடகர் ஒருவர் மேடையேறினார். தொண்டை எட்டாததால் அவருடைய ஆட்கள் சுருதியை நன்றாக இறக்கி வாசித்தார்கள். அதை அத்தான் சும்மா இருக்காமல் அவளிடம் சொல்லிவிட்டார். எட்டவில்லை என்றால் இறங்க வேண்டியது சுருதி இல்லை, ஆள்தான், மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று அக்கா முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். அந்த ஒரு பேச்சைத்தான் பின்னால் நாங்கள் மூன்று பேரும் சாக்காகப் பிடித்துக்கொண்டோம்.

அவளுக்கு நாற்பத்தொன்று ஆனபோது, ஒரு கம்பெனி விழாவில், அந்த இடத்தில் குரல் உடைந்தது. ஏறினாள், நின்றாள், குரல் பிசிறிக் கீழே விழுந்தது. கூட்டம் கைதட்டி மூடி மறைத்தது. அக்கா உடைமாற்றும் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வேனில் வரும்போது, ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடப் போவதாகச் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அடுத்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அந்த இடத்தைப் பாடிப் பார்ப்பாள். பாதியில் பாட்டும் நிற்கும், தண்ணீரும் நிற்கும்.

நாங்கள் மூவரும் டயர் கிடங்கில் கூடினோம். யோசனை என்னுடையது. இதை யார் தலையிலும் கட்ட நான் தயாராக இல்லை. கீபோர்டில் அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் சுருதி அரைக்கட்டை, அதாவது ஒரு சின்னப் படி, இறங்கிவிடும். என் விரல் அதே இடத்தில்தான் வாசிக்கும், ஒலி மட்டும் கீழே வரும். தாடி கிட்டார் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். அரைக்கட்டை வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. அத்தான் மட்டும் தயங்கினார்.

"சொல்லிட்டுச் செய்யலாமே மச்சான்."

"சொன்னா பாட மாட்டா அத்தான். பாட்டு நின்னுச்சுன்னா அவ உடைஞ்சு போயிடுவா."

தாடி கிட்டாரை மடியில் வைத்துக் கம்பியைத் தளர்த்த ஆரம்பித்தான். அவனுடைய ஓட்டு அதுதான்.

பொத்தானை அமுக்கினால் கீபோர்டின் சின்னத் திரையில் எத்தனை அரை இறக்கம் என்று எண் தெரியும். அதன் மேல் ஒரு கறுப்பு டேப்பை ஒட்டினேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அக்காவிடம் சொன்னேன். அடுத்த நிகழ்ச்சியில் அவள் அந்த இடத்துக்கு ஏறினாள், நின்றாள், ஏழெட்டு விநாடியும் நின்றாள். வேனில் ஏறியதும் என் தலையில் செல்லமாகத் தட்டி, பார்த்தாயா, வெறும் சளிதான் என்றாள். வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். நான் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படிச் சந்தோஷப்பட்டது குறைவு.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் தடுமாறினாள். இன்னொரு அரை. அதற்கப்புறம் இன்னொன்று. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? நாலு வருஷத்தில் நாலு அரை, ஆக இரண்டு கட்டை இறங்கிவிட்டோம். தாடியின் கம்பிகள் தொளதொளத்துப் போனதால் தடித்த கம்பியாக வாங்கி மாட்டினான். அவள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மேடைக்குப் போய்ச் சுருதி சேர்த்துவிடுவோம். பழைய பதிவை அவள் கேட்டுவிடக் கூடாது என்று அத்தான் வேனில் இருந்த பிளேயரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்றார். ஒலிபெருக்கிக்காரருக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாலு பேர் ஒற்றுமையாக இருந்தால் மறைக்கலாம், நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகைக்காரர்கள் ஆழம், பழுத்த குரல் என்றெல்லாம் எழுதினார்கள். அக்கா அவற்றை வெட்டி வைத்துக்கொண்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்குமோ, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாளோ என்று நினைத்து நான் சில சமயம் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்ப்பேன். அது அயோக்கியத்தனம். அவள் என்னை நம்பினாள், அவ்வளவுதான்.

பேச்சிலும் கரகரப்பு வந்தபோது நான்தான் அவளைப் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன அறை, மேசையில் ஒரு டார்ச். அவர் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். பாடுகிறவர்களுக்குத் தொண்டையில் ஏதாவது வளர்ந்தால் முதலில் மேல் சுரங்கள்தான் போகும், உங்களுக்கு அப்படி எதுவும் குறைந்திருக்கிறதா, குறைந்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் குறையல டாக்டர்," என்றாள் அக்கா. "இருபது வருஷமா அதே பாட்டு, அதே சுருதி. போன வாரம்கூடப் பாடினேன். இவன்தான் வாசிச்சான், கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பொத்தானை அமுக்கியதை அன்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தத் தலையாட்டலுக்கு என்ன பெயர் வைப்பது? அறையை விட்டு வெளியே வந்ததும் திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த டாக்டரின் வீடு எங்கள் வீட்டில் இருந்து நடக்கிற தூரம்தான். அவர் வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையைக் கெடுப்பதாகச் சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள்.

மாத்திரை தீர்ந்த சமயத்தில் தொலைக்காட்சியில் இருந்து அழைப்பு வந்தது. பழைய பாட்டுகளைப் பாடியவர்களையே கூப்பிட்டுப் பாடவைக்கும் நிகழ்ச்சி. வாத்தியக்காரர்கள் அவர்களுடைய ஆட்கள், எனவே அக்கா மட்டும் வந்தால் போதும் என்றார்கள். அவர்கள் ரெக்கார்டில் இருக்கிற பழைய சுருதியில்தான் வாசிப்பார்கள். அவர்களுடைய இசைக்குழுத் தலைவருக்கு ஃபோன் செய்து, இரண்டு கட்டை இறக்கி வாசியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஃபோன் செய்யவும் செய்தேன். அவர் எடுத்தார். அக்காவின் குறையை வெளியாள் ஒருவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அங்கே நடந்ததைக் கூடப் போன அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலைப் பதிவு. முதல் வரியிலேயே அக்காவின் நெற்றி சுருங்கியதாம். அந்த இடத்துக்கு வந்தபோது வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவையும் காற்றுதான். அக்கா அவர்களுடைய தலைவரிடம் மரியாதையாக, தம்பி, நீங்கள் மேலே வாசிக்கிறீர்கள் என்றாளாம். அந்த இசைக்குழுத் தலைவர் சின்ன வயசுக்காரர். அவர் பதறிப்போய், இல்லம்மா, ரெக்கார்டில் இருக்கிற சுருதிதான் என்று தன் ஃபோனில் பழைய பதிவைப் போட்டு, கூடவே வாசித்தும் காட்டியிருக்கிறார். அக்கா நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்டாள். நன்றி சொன்னாள். இறங்கி வந்துவிட்டாள்.

நான் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அக்கா என் அறையில் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு டேப்பை உரித்து விரலில் ஒட்டவைத்திருந்தாள். திரையில் எண் தெரிந்தது. கழித்தல் நாலு.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம்."

"அவருக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். தாடிக்கும் தெரியுமா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினேன். ஒலிபெருக்கிக்காரருக்கும் தெரியும் என்பதை நானாகவே சொன்னேன், இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னேன். அதுதான் அவளை அதிகம் அடித்தது என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஊருக்கே தெரிந்தது அவளுக்குத்தான் தெரியவில்லை. அக்கா டேப்பைத் திரும்பவும் அதே இடத்தில் ஒழுங்காக ஒட்டி, நகத்தால் ஓரங்களை நீவிவிட்டு, எழுந்து போனாள்.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். மேல் சுரங்கள் எப்போதிருந்து குறைந்தன? அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். "அவனைக் கேளுங்க. அவனுக்குத்தான் தெரியும்." நான் மாதம், வருஷம் எல்லாம் சரியாகச் சொன்னேன். முதல் அரை எப்போது, இரண்டாவது அரை எப்போது என்று. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, அப்போதே ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

முதலில் அது குரல்நாணின் மேல் ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் இருந்திருக்கும் என்றார். அப்போது வந்திருந்தால் திட்டை மட்டும் எடுத்துவிட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களாம். ஒன்றிரண்டு மாதத்தில் பாடவும் செய்திருக்கலாமாம். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால்கூட ஏதாவது பார்த்திருக்கலாம். இப்போது புற்று குரல்நாணைத் தாண்டிப் பரவிவிட்டது. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும், உயிருக்கு நான் பொறுப்பு, குரலைக் கேட்காதீர்கள் என்றார். அத்தான் அந்த அறையிலேயே உடைந்து அழுதார். எனக்கு அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது, ஆனாலும் அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை. எந்தத் தேதி என்று கேட்டாள்.

அக்கா இன்றைக்கு இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள், அதன் மேல் மெல்லிய துணி கட்டியிருப்பாள். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுகிறாள். கேலி செய்வதை நிறுத்தவில்லை. போன வாரம்கூட அத்தானின் தொப்பையைச் சிலேட்டில் படமாக வரைந்து காட்டினாள். என்னிடம் சாப்பிட்டாயா என்று எழுதிக் கேட்கிறாள். தாடி மட்டும் கிட்டாரைத் தொடுவதில்லை. நான் சொல்லி முடிக்க வேண்டியது ஆபரேஷனுக்கு முந்தின நாளைத்தான்.

தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய்வந்த நாளில் இருந்து மூன்று வாரமாக அக்கா நேராக என்னிடம் பேசவே இல்லை. அன்று மத்தியானம் அத்தான் ஃபோன் செய்தார். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறாள் என்றார். நாலு படுக்கை போட்ட வார்டு. நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு, கால் மணி நேரம்தான் என்றார். சாப்பாடு வைக்கிற சக்கர மேசையை இழுத்து அதன் மேல் கீபோர்டை வைத்தேன். தாடி வெறுங்கையோடு வந்து சுவரோரம் நின்றான். அத்தான் தாளம் தட்டக் கட்டிலின் கம்பியில் விரலை வைத்துக்கொண்டார்.

அக்கா தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது இதுதான்.

"எங்க வச்சா எனக்கு எட்டும்?"

"மூணு கட்டை இறக்கணும்க்கா."

"சத்தமா சொல்லு."

"மூணு கட்டை," என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சரி. வை."

டேப்பை உரித்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். எண் மாறுவதை அவள் குனிந்து பார்த்தாள். நாதத்தைக் கொடுத்தேன். பாதி காற்று, பாதி குரல். கரகரவென்று, அடிக்கடி அறுந்து, மறுபடி ஒட்டி. ஆனால் சுருதி ஒரு இழைகூட விலகவில்லை. அந்த இடம் வந்தது. அத்தானின் விரல் நின்றது. அக்கா ஏறினாள், மூன்று கட்டை கீழே இருந்த அந்த உயரத்துக்கு ஏறி நின்றாள். நாலு விநாடி நின்றிருப்பாள். பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. நர்ஸம்மா கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று நினைவில்லை. அக்கா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. என் தலைமுடிக்குள் விரலை விட்டு அளைந்துகொண்டே, மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா கோபப்பட்டிருப்பேன்டா. ரெண்டு நாள் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். மூணாம் நாள் டாக்டர்கிட்ட போயிருப்பேன்."